பரீட்சைக்கு வைத்திருந்த பல்

இலவசம் என்று பெரிய எழுத்தில் போர்டு மாட்டியிருக்கும் இடத்தில் உருப்படியாக எதுவும் இலவசமாகக் கிடைக்காது. இது என் அண்ணி அலைந்து அலைந்து கண்ட உண்மை. கிடைக்கிற இடத்துக்குப் போர்டே இருக்காது என்பாள். பின்பக்கம் ஓர் இரும்புக் கதவு இருக்கும், மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை இருக்கும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் முகம் கொடுத்துப் பேசுகிற ஒரு நர்ஸ் இருப்பார். அந்த மாதிரி இடங்களெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மூக்குக் கண்ணாடி சும்மா கொடுக்கிற சங்கம் எது, சர்க்கரை பார்க்கிற வண்டி எந்தக் கிழமை எந்த முனையில் நிற்கும், பாதி விலைக்கு எக்ஸ்ரே எடுக்கிற லேப் எந்தச் சந்தில் இருக்கிறது, எல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. ஒரு வரி எழுதி வைத்ததில்லை. "எழுதி வச்சா அப்புறம் பேப்பரைத் தேடணும். நான் எங்க தொலைஞ்சு போகப் போறேன்?" என்பாள்.

தெருவில் அவளுக்கு டோக்கன் என்று பெயர். யாருக்காவது வைத்தியம் என்றால் முதலில் இவள் போய் வரிசையில் நிற்பாள். டோக்கன் கையில் வந்த பிறகுதான் நோயாளிக்குப் போன் போகும். "கிளம்பி வா, அவசரமில்லை, உனக்கு முன்னாடி இன்னும் நிறையப் பேர் இருக்காங்க." டோக்கன் அக்கா, டோக்கனம்மா, வயதானவர்களுக்கு வெறும் டோக்கன். கல்யாணப் பத்திரிகையில் போட்ட பெயர் அவளுக்கே மறந்திருக்கும்.

என் அண்ணனின் மனைவி. முறைக்கு அண்ணி என்றாலும் வயதில் என்னைவிடச் சின்னவள், அதனால் எங்களுக்குள் நீ, வா, போதான். கோபம் வந்தால் மட்டும் என்னை "நாத்தனாரே" என்பாள். நான் அடிக்கடி நாத்தனாராக இருந்தேன். என் வாய் அப்படி.

நாங்கள் இருவரும் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக் கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தோம். கட்டடத்துக்கு அடியில் ஜன்னல் இல்லாத கூடம். மேலே அறைகளிலிருந்து இறங்குகிற படுக்கை விரிப்பு, தலையணை உறை, மேசைத் துணி எல்லாம் துவைத்து உலர்ந்து எங்களிடம் வரும். சூடான பிரஸ்ஸில் கொடுத்து எடுத்து, மடித்து அடுக்க வேண்டும். மேலே கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறவர்களுக்கெல்லாம் ஹோட்டல் இன்சூரன்ஸ் போட்டிருந்தது. அடித்தளத்தில் இருக்கிற நாங்கள் காண்ட்ராக்ட் ஆட்கள். காண்ட்ராக்டரைக் கேட்டால், "முதல்ல வேலை நிரந்தரமாகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பான். வருஷக்கணக்காக அது நிரந்தரமாகிக்கொண்டே இருந்தது.

எந்த ஆஸ்பத்திரிக் கவுண்டரிலும் முதல் கேள்வி அதுதான். இன்சூரன்ஸ் இருக்கா? இல்லை. ஏன் இல்லை? இந்த இரண்டாவது கேள்விதான் என்னைக் கொலைகாரியாக்கும். ஒரு தடவை அண்ணி அந்தக் கவுண்டர்காரனிடம் நிதானமாகச் சொன்னாள், "இருந்துச்சு சார், வர்ற வழியில பஸ்ல விட்டுட்டேன்." பின்னால் நின்ற வரிசையே சிரித்தது. அவனும் வேறு வழியில்லாமல் சிரித்துவிட்டு முத்திரை குத்திக் கொடுத்தான். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று வெளியே வந்ததும் என்னிடம் கண்ணடித்தாள். எனக்கும் வாய் உண்டு. ஆனால் என் வாயால் எந்தக் கதவும் திறந்ததில்லை, திறந்திருந்த ஒன்றிரண்டும் சாத்திக்கொண்டதுதான் மிச்சம்.

இப்படி ஊரையே வைத்தியத்துக்கு இழுத்துக்கொண்டு போனவளுக்குக் கீழ்வரிசையில், வலதுபக்கக் கடைசியில், ஒரு சொத்தைப் பல் இருந்தது. ஆப்பிள் கடித்தால் அதற்குள் ஒரு துண்டு போய் உட்கார்ந்துகொள்ளும். ஊசியால் குத்தி எடுப்பாள். "ஊருக்கெல்லாம் குறி சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில விழுந்துச்சாம், அது நீதான்" என்று நான் திட்டுவேன். "எனக்கு என்ன அவசரம்? அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கு" என்பாள். தனக்காக வரிசையில் நிற்க அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். அடுத்தவருக்காகக் கேட்கும்போது தலை நிமிர்ந்து கேட்கலாம். தனக்காகக் கேட்டால் அது வேறு.

எங்கள் கூடத்தில் தரை துடைக்கிற அக்காவுக்குப் பல் செட் அளவெடுக்க அண்ணி பல் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போன நாளில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அந்தக் கல்லூரியில் மாணவர்கள் வைத்தியம் பார்ப்பார்கள், வாத்தியார் மேற்பார்வை பார்ப்பார். காசு ரொம்பக் கம்மி. அங்கே ஒரு வழக்கம் உண்டு. கடைசி வருஷப் பரீட்சையில் மாணவர்கள் ஆளுக்கொரு பல்லைப் பிடுங்கிக் காட்ட வேண்டும். நோயாளியை அவர்களே தேடிப் பிடித்துக் கொண்டுவர வேண்டும். எந்தப் பல்லும் ஆகாது. ரொம்ப ஆடக்கூடாது, ரொம்பப் பிடிவாதமாகவும் இருக்கக் கூடாது, வேர் முழுசாக இருக்க வேண்டும், வீக்கம் கூடாது. அதனால் பரீட்சை நெருங்கினால் வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் காத்திருப்பு பெஞ்சுப் பக்கம் வந்து, பெண் பார்க்க வந்த மாதிரி ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

அப்படி வந்த ஒரு பெண் அண்ணியின் முன்னால் குனிந்து, "அக்கா, கொஞ்சம் வாயைத் திறந்து காட்ட முடியுமா? ப்ளீஸ்" என்று கேட்டிருக்கிறாள்.

மறுநாள் பிரஸ்ஸில் துணி கொடுத்துக்கொண்டே அண்ணி இதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாணமாகி வந்த புதிதில்கூட நான் அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

"என் பல்லைப் பார்த்துட்டு என்ன சொன்னா தெரியுமா? ரொம்ப நல்ல பல்லுக்கான்னா."

"சொத்தையைப் போய் நல்ல பல்லுன்னாளா? அவளை முதல்ல கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. உனக்குத்தான் எல்லா இடமும் தெரியுமே."

"அது பரீட்சைக்கு நல்ல பல்லுடி. எத்தனையோ பேர் வாயைப் பார்த்தாளாம், ஒண்ணும் அமையலையாம். மாசக் கடைசியில பரீட்சை. அதுவரைக்கும் யார்கிட்டயும் கொடுத்துடாதீங்கக்கான்னு கையைப் பிடிச்சுக்கிட்டா."

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்ப்பாங்களான்னு கேட்பாங்க. இங்க மாடே போய்ப் பல்லைக் காட்டிட்டு வந்திருக்கு."

அவள் சிரிக்கவில்லை. ஒரு விரிப்பை மடித்து அடுக்கிவிட்டுச் சொன்னாள். "நீ என்ன வேணா சொல்லு. இத்தனை வருஷமா எத்தனை ஆஸ்பத்திரிப் படி ஏறியிருக்கேன். எல்லா இடத்துலயும் எனக்கு அவங்க வேணும். இங்கதான் ஒருத்திக்கு நான் வேணும். நான் போகலைன்னா அந்தப் பிள்ளை பாஸாக முடியாது."

கவுண்டர் கவுண்டராக நின்று, அய்யா சார் மேடம் என்று தேய்ந்துபோன ஒரு வாழ்க்கையில், ஒரு டாக்டர் பெண் எதிரில் குனிந்து நின்று ப்ளீஸ் என்றிருக்கிறாள். அந்த ஒரு சொல்லுக்கு அண்ணி தன் முழுத் தாடையையும் எழுதிக் கொடுத்திருப்பாள்.

அண்ணன் ஒரு கிடங்கு வாசலில் காவல் வேலை பார்க்கிறவன். பேச்சு குறைவு. அன்றைக்குச் சாயங்காலம் அவனிடமும் கதை போயிற்று. "உங்க பொண்டாட்டி ஒரு டாக்டரை உருவாக்கப் போறா, தெரிஞ்சுக்குங்க" என்றாளாம். அவன் அதை ரசித்து என்னிடம் இரண்டு தடவை சொன்னான். இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் பல்லைப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை போல வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பக்கம் மெல்லக்கூடாது, ஐஸ் தண்ணீர் கூடாது, மாசக் கடைசிவரை அது பத்திரமாக இருக்க வேண்டும்.

பல் அதற்குச் சம்மதிக்கவில்லை. ஒரு வாரம் போவதற்குள் வலி ஆரம்பித்தது. எங்கள் கூடத்தில் எந்த வலிக்கும் ஒரே மருந்துதான். மேசைத் துணி ஒன்றைச் சின்னதாக மடித்து, பிரஸ்ஸில் ஒரு நிமிஷம் கொடுத்து எடுத்து, வலிக்கிற இடத்தில் வைத்து அழுத்துவோம். இடுப்பு, கழுத்து, மாதாந்திர வயிற்றுவலி எல்லாம் அதில் அடங்கும். வேறு எந்த வேலைக்காரிக்குக் கை நீட்டினால் இப்படி ஆவி பறக்கிற ஒத்தடம் கிடைக்கும்? அண்ணியும் அதையே கன்னத்தில் வைத்துக்கொண்டாள். ஒரு கையால் விரிப்பை இழுப்பாள், ஒரு கையால் கன்னத்தை அழுத்துவாள். சுகமாக இருக்கிறது என்பாள். பல்லுக்குள் சீழ் கட்டியிருக்கும்போது வெளியே சூடு வைத்தால் அது தாடைக்குள் இறங்கிப் பரவும் என்று எங்களில் ஒருத்திக்கும் தெரியாது.

ஒரு நாள் காலையில் துள்ளிக்கொண்டு வந்தாள். "வலி நின்னுடுச்சு! சுத்தமா இல்லை!" அந்த நேரத்தில்தான் அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. சத்தம் அதிகமென்று அண்ணி போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள்.

"அக்கா, பல்லு எப்படி இருக்கு? வலி ஏதாவது?"

"ஒண்ணுமில்லம்மா, கல்லு மாதிரி இருக்கு. நீ நிம்மதியா படி."

"தேங்க்ஸ்க்கா. நீங்கதான்கா என் தெய்வம்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், தெய்வத்தைப் பார்த்து இப்போதாவது கும்பிடு என்பது போல ஒரு கர்வம் இருந்தது.

வலி நின்றது நல்லதற்கில்லை. அடுத்த நாளே கன்னம் வீங்கியது. அதற்கடுத்து வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கியது. கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள். குளிர்கிறதாம். ஆவி அடிக்கிற சலவைக் கூடத்தில் குளிர்கிறதென்றால் அது காய்ச்சல்தானே. நான் துண்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். பார்த்ததும் அவள் கையிலிருந்த விரிப்பைப் பிடுங்கிக் கூடையில் போட்டேன்.

"இப்பவே கிளம்பு. காலேஜுக்குப் போ."

"போனா பிடுங்கிடுவாங்க."

"பிடுங்கட்டும்! அதுக்குத்தானே பல் டாக்டரு?"

"இன்னைக்குப் பிடுங்கிட்டா அன்னைக்கு அவ எதைப் பிடுங்குவா? இன்னும் கொஞ்ச நாள்தான். பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடுவேன்."

"கடிக்கிறதுக்குப் பல்லு வேணுமே, வாயையே திறக்க முடியலை உன்னால."

"நாத்தனாரே, பல்லு என்னுது. வாக்கும் என்னுது."

யார் வீட்டிலோ மிச்சம் இருந்த மாத்திரைகள் அவள் கைப்பையில் எப்போதும் இருக்கும். ஊருக்கெல்லாம் எடுத்துக் கொடுப்பவள் தனக்கும் அதிலிருந்தே இரண்டைப் போட்டுக்கொண்டாள். அந்தக் கதையை என் வாயால் தொடரவே பிடிக்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், இப்படி வேறு யாரும் இருந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரு சனிக்கிழமை, வேலை ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அண்ணி பிரஸ்ஸை விட்டு நகர்ந்து, துணிக் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து நின்றாள். வாயிலிருந்து எச்சில் வழிந்துகொண்டிருந்தது. விழுங்க முடியவில்லை. நாக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. என்னவோ சொன்னாள், வாய் நிறையத் துணியை அடைத்துக்கொண்டு பேசுவது மாதிரி இருந்தது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அந்தச் சத்தமும் வரவில்லை. மூச்சு மட்டும் விசில் மாதிரி வந்தது.

சூப்பர்வைசர், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ப் படுக்க வைம்மா" என்றார். அவரை நான் திட்டிய கெட்ட வார்த்தைக்கு இன்றுவரை என் சம்பளத்தில் கைவைக்கவில்லை, நல்ல மனுஷன்தான். அண்ணனுக்குப் போன் செய்து வரவழைத்து, ஒரு டாக்சியில் ஏற்றினோம். டிரைவர் திரும்பிப் பார்த்து, "எங்கம்மா போகணும்?" என்றார்.

எங்கே போவது?

அண்ணனும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் வாழ்க்கையில் இந்தக் கேள்விக்கு நாங்கள் பதில் சொன்னதே இல்லை. சொல்கிறவள் நடுவில் உட்கார்ந்து, முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை எந்தக் கதவு திறந்திருக்கும், காசில்லாமல் யார் உள்ளே விடுவார்கள், எல்லாம் அந்தத் தலைக்குள் இருந்தது. வாய்தான் பூட்டிக்கிடந்தது. நான் தரை துடைக்கிற அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அவசரமா ஆஸ்பத்திரிக்குப் போகணும், எங்கக்கா போறது?"

"எனக்கென்ன தெரியும்? டோக்கனைக் கேளு."

வைத்துவிட்டு, அண்ணி கண்ணாடி வாங்கிக் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டேன். "டோக்கனம்மாவுக்குத்தான் தெரியும், அவங்க நம்பர் தரட்டுமா?" என்றார். அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். அந்த நம்பருக்கு அடித்தால் ஒலிக்கிற போன் அவள் மடியில்தான் இருந்தது.

முதலில் கண்ணில் பட்ட ஆஸ்பத்திரிக்கே போகச் சொன்னோம். கண்ணாடிக் கதவு, தானாகத் திறந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கேட்டாள். இன்சூரன்ஸ் கார்டு? இல்லை. அப்படியானால் முன்பணம்? அண்ணன் பர்ஸைத் திறந்து அப்படியே அவள் முன்னால் வைத்தான். அவள் அதைத் தொடவில்லை. உள்ளேயிருந்து ஒரு டாக்டர் வந்து, அண்ணியின் கழுத்தை எட்ட நின்று பார்த்துவிட்டு, "இங்க இதுக்கு வசதி இல்லை. பொது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, சீக்கிரம்" என்றார். வசதி யாருக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். சண்டை போட நேரமில்லை. நேரம் இருந்திருந்தால் அந்தக் கண்ணாடிக் கதவு இப்போது இருந்திருக்காது.

பொது ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அண்ணி திடீரென்று நிமிர்ந்தாள். டாக்சியின் ஜன்னலைக் கையால் தட்டினாள். இடது பக்கம் காட்டினாள், மறுபடி தட்டினாள். மூச்சு முட்டுகிறது, ஜன்னலைத் திறக்கச் சொல்கிறாள் என்று நினைத்து நான் கண்ணாடியை இறக்கிவிட்டேன். அவள் இல்லை இல்லை என்று தலையை வேகமாக ஆட்டினாள். அதற்குள் டாக்சி பெரிய வாசலுக்கு முன்னால் போய் நின்றுவிட்டது. அவசர சிகிச்சைக்குப் பின்பக்கத் தெரு வழியாகப் போக வேண்டும், இடது பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்று காவலாளி சொன்னான். ஒரு வழிப் பாதை, திரும்பிச் சுற்றிக்கொண்டு வர நேரமாகும். மூச்சுத் திணறுகிற நிலையிலும் எங்களுக்கு வழி காட்டியிருக்கிறாள். நாங்கள் இரண்டு மடையர்கள் காற்று வாங்கிக் கொடுத்தோம்.

அப்படியே இறங்கி உள்ளே நடத்திப் போனோம். மேசையில் இருந்தவர், "டோக்கன் வாங்கிட்டு உட்காருங்க" என்றார். நல்லவேளையாக அந்தப் பக்கம் போன ஒரு நர்ஸ் அண்ணியின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டு நின்று, பார்த்து, கத்தினார். அந்தக் கத்தலில் நாலு பேர் ஓடி வந்தார்கள். தள்ளுவண்டி வந்தது. அண்ணியைப் படுக்க வைக்கப் போனார்கள், அவள் படுக்க மாட்டேனென்று எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. உட்கார்ந்தபடியே உள்ளே போனாள்.

கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். தாடைக்குக் கீழே கீறிச் சீழை வெளியேற்றினார்கள். பல்லிலிருந்து இறங்கிய சீழ் கழுத்து வழியாக நெஞ்சுக்குப் போய்விட்டது என்று அறுவை டாக்டர் சொன்னார். நல்ல மனிதர், உட்கார வைத்துப் பேசினார். "சர்க்கரை இவ்வளவு ஏறியிருக்கே, மருந்து எடுக்கிறாங்களா?" என்று கேட்டார். சர்க்கரையா? எங்கள் தெருவில் பாதிப் பேரைச் சர்க்கரை வண்டிக்கு இழுத்துக்கொண்டு போய் விரலை நீட்ட வைத்தவள் அவள். தன் விரலை ஒரு தடவை நீட்டியதில்லை. இதற்கு ஒரு காசு செலவில்லை. ஊசி குத்தினால் ஒரு சொட்டு. அண்ணன் அப்போதுதான் முதல் தடவையாக அழுதான், சத்தமாக, அந்த டாக்டருக்கு முன்னாலேயே.

"ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா சாதாரணமா முடிஞ்சிருக்கும்" என்றார் அவர். குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. அதனால் இன்னும் வலித்தது.

மறுநாள் அவளுக்கு நினைவு வந்தது. குழாய் இருந்ததால் பேச்சு இல்லை. என்னைப் பார்த்ததும் கையை மெல்ல உயர்த்தி, வலது கன்னத்தை ஒரு விரலால் தொட்டு, புருவத்தைத் தூக்கினாள். எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி, "வலிக்குதா?" என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். மறுபடி கன்னத்தைத் தொட்டாள். பல் இருக்கிறதா என்று கேட்கிறாள். உயிர் இருக்கிறதா என்று கேட்க வேண்டியவள் பல் இருக்கிறதா என்று கேட்கிறாள்.

"எடுத்துட்டாங்க அண்ணி" என்றேன்.

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கண்ணீர் காதுக்குள் இறங்கியது. நான் துடைத்துவிட்டேன். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் காதருகே வைத்துக் காட்டினாள், போன் செய்து சொல்லிவிடு என்று.

"நான் எதுக்குச் சொல்லணும்? நீயே எழுந்து வந்து சொல்லு. நீதானே வாக்குக் கொடுத்தே?" என்றேன். அவளைத் திட்டினால் எழுந்துவிடுவாள் என்று ஒரு நப்பாசை. எத்தனை தடவை நாத்தனாரே என்று சீறிக்கொண்டு எழுந்தவள்.

எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு காய்ச்சல் ஏறிற்று, சிறுநீர் நின்றது, ஒவ்வொன்றாக நின்றது. வாரம் முடிவதற்குள் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். தெரு கொள்ளாத கூட்டம். அவள் கூட்டிக்கொண்டு போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தவர்களெல்லாம் அந்தக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து அழுதார்கள். தரை துடைக்கிற அக்கா புதுப் பல் செட்டோடு வந்திருந்தாள். அழும்போது அது கழன்று வர, கையில் எடுத்து வைத்துக்கொண்டு பொக்கை வாயோடு அழுதாள். அண்ணி இருந்திருந்தால் இந்தக் காட்சிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியிருக்கும்.

அண்ணன் அவளுடைய போனை அணைக்கவில்லை. தினமும் சார்ஜ் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். யார் யாரோ கூப்பிடுவார்கள். காது வலி, எங்கே போவது? குழந்தைக்கு ஊசி, எந்தக் கிழமை? அவன் ஒவ்வொருவரிடமும் பொறுமையாக, "அவங்க இல்லைங்க" என்பான்.

மாசக் கடைசியில் ஒரு காலையில் அவன் உள்ளே குளித்துக்கொண்டிருந்தான். போன் அடித்தது. நான் எடுத்தேன்.

"அக்கா, கிளம்பிட்டீங்களா? எட்டரைக்கெல்லாம் வந்துடுங்க. வெறும் வயித்துல வந்துடாதீங்க, நல்லா சாப்பிட்டு வாங்க."

எத்தனையோ நாளாக இந்தக் குரலுக்காகத்தான் என் கோபம் முழுவதையும் சேர்த்து வைத்திருந்தேன். கொட்டினேன். அவள் வர மாட்டாள், செத்துவிட்டாள், உன் பரீட்சைக்காகப் பல்லை வைத்துக் காத்துச் செத்தாள், நீ பாஸாவதற்கு என் அண்ணிதான் கிடைத்தாளா, என்று என்னென்னவோ. மறுபக்கம் அழுகை. அழுகைக்கு நடுவில் அந்தப் பிள்ளை பேசினாள்.

"வீக்கம் வந்தா பரீட்சையைப் பார்க்காதீங்க, உடனே வந்துடுங்கன்னு நான் சொன்னேனே அக்கா... போன் பண்ணப்பகூட ஒண்ணுமில்லைன்னாங்களே... ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே. நாங்க யாருமே ஒருத்தரை மட்டும் நம்பி இருக்க மாட்டோம்கா. ஒருத்தர் வரலைன்னா இன்னொருத்தர்னு ரெண்டு மூணு பேரை வச்சிருப்போம். எனக்கு இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. இப்ப இங்க வந்து உட்கார்ந்திருக்காங்க..."

அதற்கு மேல் அவள் சொன்னது என் காதில் ஏறவில்லை. இரண்டு பேர். அந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடமும் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருப்பாள், நீங்கள்தான் என் தெய்வம் என்று. பொய்யாக இருக்காது, பயந்த பிள்ளைக்கு எல்லோரும் தெய்வம்தான். என் கோபத்துக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் போயிற்று. "போ. போய்ப் பரீட்சை எழுது" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். "யாரும்மா போன்ல?"

"அந்த டாக்டர் பொண்ணு."

அவன் கை அப்படியே நின்றது. "இன்னைக்குத்தானே பரீட்சை. என்ன சொன்னா?"

என் வாயால் எந்தக் கதவும் திறந்ததில்லை என்று முன்பே சொன்னேன். அன்றைக்குத் தெரிந்தே ஒன்றை மூடினேன்.

"அழறா. அண்ணி இல்லாம அவளால பரீட்சைக்குப் போக முடியலையாம். வேற ஆளே கிடைக்கலையாம்."

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். ரொம்ப நேரம் துண்டை மடித்துக்கொண்டிருந்தான்.

"அவ அப்பவே சொன்னா" என்றான். "நான் போகலைன்னா அந்தப் பிள்ளைக்கு யாருமில்லைன்னு."

"ஆமாண்ணா" என்றேன்.